கண்முன் நான்கு வரி: ஏஆர் கண்ணாடி யாருக்கு உதவும்?

ஸ்மார்ட் கண்ணாடி என்ற பெயரில் வந்தவற்றுள், மக்கள் தாமாகக் காசு கொடுத்து வாங்கி அணிந்துகொண்டு திரிகிற ஒன்றில் திரையே கிடையாது. ரே-பான் மெட்டா 2023 அக்டோபரில் 299 டாலருக்கு வந்தது. 2025 தொடக்கத்துக்குள் இருபது லட்சம் கண்ணாடிகள் விற்றுவிட்டதாக அதைத் தயாரிக்கும் எஸ்ஸிலோர்லக்ஸோட்டிகா நிறுவனம் சொன்னது. அதே ஆண்டு மே மாதம் இந்தியக் கடைகளுக்கும் வந்தது; தொடக்க விலை ₹29,900. பார்த்தால் சாதாரணக் கூலிங் கிளாஸ். சட்டத்தின் மூலையில் ஒரு கேமரா, காதுப் பக்கம் ஒலிபெருக்கி, மைக். படம் எடுக்கும், பாட்டு ஒலிக்கும், கேட்டால் பதில் சொல்லும். கண்முன் எதையும் காட்டாது.

கணினி வரைந்த உருவங்களை நிஜ உலகின்மேல் ஒட்டிக்காட்டுவதற்குத்தான் ஆக்மென்டட் ரியாலிட்டி, சுருக்கமாக ஏஆர், என்று பெயர். அதைக் கண்ணாடிக்குள் கொண்டுவரக் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் கொட்டிய பணத்துக்குக் கணக்கில்லை. மேஜிக் லீப் என்ற ஒரே நிறுவனம் 200 கோடி டாலருக்கு மேல் திரட்டியது. 2018 ஆகஸ்டில் 2,295 டாலருக்கு அது வெளியிட்ட கருவியைப் பொதுமக்கள் சீண்டவில்லை. 2020இல் அந்த நிறுவனம் தொழிற்சாலைகளையும் மருத்துவமனைகளையும் நோக்கித் திரும்பிக்கொண்டது. எந்த அம்சத்துக்காக இவ்வளவும் செலவானதோ, அதைக் கழற்றி வைத்த பிறகுதான் கண்ணாடி விற்கிறது.

இது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. ஏஆரின் ஆகக் கடினமான பகுதி எதுவோ, அது அன்றாட வாழ்வுக்கு ஆகக் குறைவாகவே தேவைப்படுகிறது. தேவைப்படும் இடங்கள் இருக்கின்றன; அவை வீடோ தெருவோ அல்ல. வீட்டிலும் தெருவிலும் உதவக்கூடியது மிக எளிய ஒன்று: கண்முன் நான்கு வரி எழுத்து, அல்லது காதில் ஒரு குரல். அதுவும் எல்லோருக்கும் ஒரே அளவில் உதவாது.

ஒட்டி நிற்க வேண்டிய கோப்பை

1997இல் ரொனால்ட் அஸூமா என்ற ஆய்வாளர் இந்தத் துறையைப் பற்றி எழுதிய தொகுப்புக் கட்டுரையின் வரையறையை இன்றும் பலர் எடுத்தாள்கிறார்கள். அதில் மூன்று நிபந்தனைகள் உண்டு. நிஜமும் மெய்நிகரும் கலந்திருக்க வேண்டும். நாம் செய்வதற்கு அந்தக் கணமே அது ஈடுகொடுக்க வேண்டும். வரைந்த உருவம் முப்பரிமாணத்தில் நிஜப்பொருளோடு பொருந்தி நிற்க வேண்டும். முதல் இரண்டும் பெரிய சங்கடமில்லை. மூன்றாவதுதான் ஆளைக் கொல்வது. மேசைமேல் ஒரு மெய்நிகர் கோப்பையை வைத்தால், தலையைத் திருப்பினாலும் குனிந்தாலும் எழுந்து சுற்றி வந்தாலும் அது வைத்த இடத்தில் இருக்க வேண்டும்.

ஒரு சின்னக் கணக்கு. யாரோ கூப்பிட்டால் தலையை விநாடிக்கு 50 டிகிரி வேகத்தில் திருப்புவது சர்வசாதாரணம். தலை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து, படத்தை மாற்றி வரைய, கருவி 20 மில்லிவிநாடி எடுத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் தலை ஒரு டிகிரி நகர்ந்துவிடும். கைக்கெட்டும் தூரத்தில், அதாவது 60 சென்டிமீட்டரில், ஒரு டிகிரி என்பது ஒரு சென்டிமீட்டர். கோப்பை ஒரு சென்டிமீட்டர் வழுக்கினால் வேடிக்கை. முதுகெலும்பில் திருகாணி இறக்கும் மருத்துவர் அதே பிழையோடு வேலை செய்ய முடியாது.

ஐவன் சதர்லாண்ட் 1968இல் உருவாக்கிய முதல் கருவியின் சிக்கலும் இதுவே. தலை எங்கே பார்க்கிறது என்று அறிய, கூரையிலிருந்து ஓர் இயந்திரக் கையை இறக்கித் தலையோடு பிணைத்தார்கள். கோடுகளால் ஆன சில வடிவங்கள் அறைக்குள் மிதந்தன. உச்சந்தலைக்கு மேல் தொங்கிய அந்தக் கனத்துக்கு 'டெமோக்ளிஸின் வாள்' என்று பட்டப்பெயர். இரும்புக் கை இன்று கேமராக்களாகவும் உணரிகளாகவும் சுருங்கிவிட்டது. வெளிச்சம் மட்டும் அன்றிருந்தபடியே அடங்காமல் நிற்கிறது.

இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விளம்பரப் படங்கள் மறைப்பது இதைத்தான். கண்ணாடி வழியே உலகம் அப்படியே தெரிகிறது. அதன்மேல் கருவி ஒளியைக் கூட்டுகிறது. கூட்டத்தான் முடியும், கழிக்க முடியாது. ஆகவே கறுப்பு நிறத்தை அதனால் வரையவே இயலாது. கறுப்பு என்று அனுப்பினால் அந்த இடம் வெறுமையாகத் தெரியும். நிழலும் விழாது. விளம்பரத்தில் அறைக்குள் திடமாக நிற்கும் டைனோசர், நிஜத்தில் பின்னாலுள்ள சுவர் தெரியும் ஆவியைப் போல் இருக்கும். அறைக்குள்ளாவது பரவாயில்லை. நடுப்பகல் வெயிலின் ஒளி ஏறத்தாழ ஒரு லட்சம் லக்ஸ். அது நேராக விழும் வெள்ளைச் சுவரின் பிரகாசம் 25,000 நிட்ஸ் அளவுக்குப் போகும். 2025 செப்டம்பரில் மெட்டா அறிவித்த திரையுள்ள கண்ணாடியான 'மெட்டா ரே-பான் டிஸ்ப்ளே' அதிகபட்சம் 5,000 நிட்ஸ் தருகிறது. இந்தத் துறையில் அது பெரிய அளவு. அப்படியும் வெயிலில் தானே கறுக்கும் வில்லையைச் சேர்த்துத்தான் அதை ஒப்பேற்றியிருக்கிறார்கள். மதுரையில் சித்திரை மாத மதியத்தில், சுண்ணாம்பு அடித்த சுவரைப் பார்த்தபடி குறுஞ்செய்தி படிக்க நினைப்பவர் முதலில் நிழலைத் தேடுவார்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். மனிதப் பார்வை பக்கவாட்டில் ஏறக்குறைய 200 டிகிரி விரிகிறது. மெட்டா டிஸ்ப்ளேயில் படம் தெரியும் பரப்பு 20 டிகிரி, அதுவும் வலக்கண்ணில் மட்டும். மைக்ரோசாஃப்டின் ஹோலோலென்ஸ் 2இல் மூலைக்கு மூலை 52 டிகிரி, ஆனால் எடை 566 கிராம். ஸ்னாப் நிறுவனம் 2024இல் காட்டிய ஸ்பெக்டக்கிள்ஸ் 226 கிராம், மின்கலம் 45 நிமிடம். அதே ஆண்டு மெட்டா மேடையேற்றிய 'ஓரியன்' 70 டிகிரி பரப்பும் நூறு கிராமுக்குள் எடையும் கொண்டிருந்தது; ஒன்றைச் செய்ய ஏறக்குறைய 10,000 டாலர் ஆனதாகச் செய்தி வந்தது, விற்பனைக்கு வரவில்லை. போதாததற்குக் கண்ணின் குழப்பம் வேறு: ஹோலோலென்ஸ் போன்ற கருவிகள் படத்தை ஏறத்தாழ இரண்டு மீட்டர் தொலைவில் குவிக்கின்றன. கையருகே நிற்பதுபோல் காட்டிய உருவத்தைப் பார்க்க இரு கண்களும் உள்நோக்கித் திரும்பும்; கண்ணின் வில்லையோ இரண்டு மீட்டருக்குக் குவிய வேண்டும். உடம்பு இந்த முரணைத் தலைவலியாகத் தெரிவிக்கிறது. ஹோலோலென்ஸை அடிப்படையாகக் கொண்ட படைவீரர் கண்ணாடிக்கு அமெரிக்க ராணுவம் 2021இல் பத்தாண்டுகளில் 2,188 கோடி டாலர் வரை ஒதுக்கியது. சோதனைகளில் வீரர்கள் தலைவலி, குமட்டல், கண்வலி என்று முறையிட்டார்கள். 2025இல் அந்தத் திட்டம் மைக்ரோசாஃப்டின் கையைவிட்டு அண்டுரில் என்ற பாதுகாப்பு நிறுவனத்திடம் போனது.

பொருத்தம் தேவைப்படும் வேலைகள்

இவ்வளவு சிரமப்பட்டு ஒட்டவைக்கும் படம் யாருக்குத்தான் வேண்டும் என்று கேட்டால், அதற்குத் தெளிவான பதில் உண்டு. ஆக்மென்டட் ரியாலிட்டி என்ற பெயரே அந்தப் பதிலிலிருந்து வந்தது. 1990களின் தொடக்கத்தில் போயிங் நிறுவனத்தில் டாம் காடல், டேவிட் மிஸல் என்ற இரண்டு பேர் விமானத்துக்கான மின்கம்பிக் கட்டுகளைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார்கள். பெரிய பலகைகளில் முளைகளுக்கிடையே நூற்றுக்கணக்கான கம்பிகளை ஓட்டிக் கட்ட வேண்டும். ஒவ்வொரு விமான மாதிரிக்கும் ஒவ்வொரு வரைபடம். தொழிலாளி வரைபடத்தைப் பார்த்து, பலகையைப் பார்த்து, மறுபடி வரைபடத்துக்குத் திரும்ப வேண்டும். கம்பி போகும் வழியைப் பலகையின் மேலேயே காட்டிவிட்டால் என்ன? 1992இல் அவர்கள் எழுதிய கட்டுரை கேட்டது இவ்வளவுதான். இருபது ஆண்டுகளுக்குப் பிறகு அதே வேலைக்குக் கூகுள் கிளாஸ் என்ற ஸ்மார்ட் கண்ணாடியைக் கொண்டுவந்தபோது நேரம் கால்வாசி குறைந்ததாகப் போயிங் சொன்னது.

கிடங்குகளிலும் இதேபோல் நடந்தது. 2015இல் நெதர்லாந்தின் பெர்கன் ஆப் ஸூம் நகரக் கிடங்கொன்றில் டிஹெச்எல் நிறுவனம் பத்துத் தொழிலாளர்களுக்குக் கண்ணாடி கொடுத்தது. எந்த வரிசை, எந்தத் தட்டு, எத்தனை எண்ணிக்கை என்று கண்ணோரத்தில் காட்டும். மூன்று வாரத்தில் இருபதாயிரத்துக்கு மேற்பட்ட பொருள்களை எடுத்தார்கள். வேகம் 25 சதவீதம் கூடியது என்றது நிறுவனம். இத்தகைய எண்களை நிறுவனங்கள் தங்களைப் பற்றித் தாங்களே சொல்லிக்கொண்டவை என்ற எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். ஆனாலும் திசை நம்பத்தக்கதே, ஏனென்றால் காரணம் வெளிப்படையாக இருக்கிறது: இரண்டு கையிலும் வேலை இருக்கிறது.

அறுவை அரங்கிலும் அப்படித்தான். சென்னையில் 2013இலேயே ஒரு மருத்துவர் கூகுள் கிளாஸ் அணிந்து அறுவைச் சிகிச்சையை நேரலையாக ஒளிபரப்பினார். அதில் ஏஆர் எதுவும் இல்லை, மருத்துவரின் கண் உயரத்தில் ஒரு கேமரா இருந்தது, அவ்வளவே. ஆக்மெடிக்ஸ் நிறுவனத்தின் 'எக்ஸ்விஷன்' வேறு ரகம். நோயாளியின் ஸ்கேன் படத்தைக் கொண்டு, தோலுக்கடியில் இருக்கும் முதுகெலும்பை இருக்கும் இடத்திலேயே மருத்துவருக்குக் காட்டுகிறது. 2019 இறுதியில் அமெரிக்க அரசின் ஒப்புதலைப் பெற்று, 2020இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் நோயாளிகளுக்குப் பயன்பட்டது. அஸூமாவின் மூன்றாவது நிபந்தனை மில்லிமீட்டர் அளவில் நிறைவேறும் இடம் இது. நிறைவேறுவதற்குக் காரணமும் உண்டு. நோயாளி அசைவதில்லை. விளக்கு மாறுவதில்லை. உடம்பில் அடையாளக் குறிகளைப் பொருத்திக்கொள்ளலாம். வேலை முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிடலாம். அதன் விலையை மருத்துவமனை பார்த்துக்கொள்கிறது.

இடம் மாறாது, பணி மாறாது, கை ஒழிவில்லை, தவறினால் நட்டம் பெரிது, செலவு வேறொருவருடையது. இந்த ஐந்தில் எத்தனை நம் ஒரு நாளில் கூடி வருகின்றன?

தெருவில்

கூகுள் கிளாஸ் 2012 ஜூனில் வானத்திலிருந்து குதித்த வீரர்களின் கண் வழியாக உலகுக்கு அறிமுகமானது. மறு ஆண்டு 1,500 டாலருக்குத் தேர்ந்தெடுத்த சிலருக்குக் கிடைத்தது. 2015 ஜனவரியில் விற்பனை நின்றது. அதை அணிந்தவர்களுக்கு ஒரு வசைப்பெயர் வந்ததும், சியாட்டிலில் ஒரு மதுக்கூடம் அவர்களை உள்ளே விடமாட்டோம் என்று அறிவித்ததும் பலரும் அறிந்த கதை. தோல்விக்கு அந்த அவமானத்தையே காரணமாகச் சொல்வது வழக்கம். எனக்கு அது அரைக் காரணமாகவே படுகிறது. கைப்பேசியும் தொடக்கத்தில் எரிச்சலூட்டியது. ரயிலில் உரக்கப் பேசியவர்களை நாம் முறைத்துப் பார்த்த காலம் இருந்தது. உதவி பெரிதாக இருந்தபோது அவமானம் தேய்ந்து போயிற்று. கிளாஸ் விஷயத்தில் தேய்க்கும் அளவுக்கு உதவி இருக்கவில்லை.

இதற்கு மறுப்பாக ஒரு மனிதரை நிறுத்தலாம். கூகுள் கிளாஸின் தொழில்நுட்பத் தலைவராக இருந்த தாட் ஸ்டார்னர் 1993 முதல் அணிகணினியோடு வாழ்ந்து வருபவர். ஒற்றைக் கையால் தட்டும் விசைப்பலகையில், பேசிக்கொண்டே குறிப்பெடுப்பார். பழைய குறிப்புகளைக் கண்ணோரத்தில் படிப்பார். நினைத்ததற்கும் செய்வதற்கும் இடையிலான நேரத்தைக் குறைத்தால் மனிதன் கருவியை நாடும் விதமே மாறிவிடும் என்பது அவர் வாதம். வலுவான வாதம். ஆனால் அவர் பயன்படுத்தியதைப் பாருங்கள்: எழுத்து. எந்தப் பொருளின் மேலும் ஒட்டாத, எதற்கும் பொருந்த வேண்டியிராத எழுத்து. அஸூமாவின் வரையறைப்படி அது ஏஆரே இல்லை.

வழி கண்டுபிடிப்பதை எடுத்துக்கொள்வோம். எல்லா விளக்கக் காட்சியிலும் முதலில் வருவது அதுதான். சாலையின் மேலேயே அம்புக்குறி மிதக்கும். கைப்பேசியில் இதைக் கூகுள் 2019இலேயே கொண்டுவந்துவிட்டது. நகரத்தில் சுரங்க ரயிலைவிட்டு மேலேறி, எந்தப் பக்கம் திரும்புவது என்று திகைக்கும் முதல் அரை நிமிடம் அது மெய்யாகவே உதவும். அதற்குப் பிறகு? 'இருநூறு மீட்டரில் இடப்பக்கம்' என்று காதில் ஒரு குரல் சொன்னால் போதும். சமையல் குறிப்பும் அப்படியே; மாவுக் கையோடு இருப்பவருக்கு அடுத்த படியை யாராவது வாசித்துக் காட்ட வேண்டும், வாணலியின் மேல் அம்புக்குறி வேண்டியதில்லை. அறைக்குள் சோபாவை வைத்துப் பார்ப்பதை ஐக்கியா நிறுவனம் 2017இல் கைப்பேசியில் கொடுத்தது. நல்ல வசதிதான். சோபாவை எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வாங்குகிறோம்?

போகிமான் கோ 2016 ஜூலையில் வெளியாகி உலகத்தையே தெருவில் இறக்கியபோது, ஏஆர் வென்றுவிட்டது என்று எழுதினார்கள். விளையாடியவர்களுக்குத் தெரியும்: உருவத்தை நிஜத் தெருவின் மேல் காட்டும் வசதியை அணைத்துவிட்டால் பிடிப்பது எளிது, மின்கலமும் தாங்கும். பலரும் அணைத்துவிட்டுத்தான் ஆடினார்கள். அவர்களை நடக்கவைத்தது வரைபடமும் சேகரிக்கும் ஆசையும்.

கண்ணை எடுக்காமலே தகவல் கிடைக்கும், ஆகவே பாதுகாப்பு கூடும் என்றொரு வாதமும் உண்டு. போர் விமானங்களில் விமானியின் கண்ணுயரத்தில் தகவல் காட்டும் கண்ணாடித் தகடுகள் பல காலமாக இருக்கின்றன. 1980இல் வெளியான நாசா ஏம்ஸ் மைய ஆய்வொன்றில், அனுபவமிக்க விமானிகளைப் பாவனை விமானத்தில் தரையிறங்கச் சொன்னார்கள். ஓடுபாதையில் வேறொரு விமானம் குறுக்கே நின்றது. கண்ணுயரத் தகட்டைப் பார்த்துக்கொண்டிருந்த சிலர் அதைக் கவனிக்கவே இல்லை. பார்வை அங்கேதான் இருந்தது. கவனம் தகட்டின் எண்களில் இருந்தது. தலை குனிந்து கைப்பேசியைப் பார்ப்பவர், தாம் சாலையைப் பார்க்கவில்லை என்பதையாவது அறிந்திருக்கிறார். கண்ணாடிக்காரருக்கு அந்த அறிவும் போய்விடுகிறது. 2013இல் கலிஃபோர்னியாவில் கூகுள் கிளாஸ் அணிந்து கார் ஓட்டிய ஒருவருக்குக் காவலர் அபராதச் சீட்டு கொடுத்தார். கருவி இயங்கிக்கொண்டிருந்தது என்பதை மெய்ப்பிக்க முடியாமல் வழக்கு தள்ளுபடியானது. இருசக்கர வண்டிகள் நெரியும் நம் சாலைகளில் இந்தச் சந்தேகத்தை யார் நிரூபிப்பார்கள்?

அன்றாடக் கண்ணாடியாக வேண்டும் என்று உண்மையாகவே முயன்றது கனடாவின் நார்த் நிறுவனம். அதன் 'ஃபோகல்ஸ்' பார்வைக்கு மூக்குக்கண்ணாடியேதான். படம் தெரியும் புள்ளி மிகச் சிறியது என்பதால், டொரான்டோவிலும் புரூக்ளினிலும் இருந்த கடைகளுக்குப் போய் முகத்தை அளந்து செய்துகொள்ள வேண்டும். விரலில் ஒரு மோதிரம்; அதிலிருந்த சிறு குமிழை அசைத்து இயக்கலாம். 999 டாலர் விலை பின்னர் 599 ஆனது. 2020 ஜூனில் கூகுள் அந்த நிறுவனத்தை வாங்கியது. ஜூலை 31உடன் சேவை நின்றது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஆனால் முகத்துக்கு அளவெடுத்துச் செய்த கண்ணாடி ஒரே நாளில் வெறும் கண்ணாடியாகிப் போனது. கூகுள் கிளாஸின் தொழில்முறைப் பதிப்பு 2023 மார்ச்சில் விற்பனையிலிருந்து நீங்கியது. ஹோலோலென்ஸ் 2இன் உற்பத்தி 2024இல் நின்றது. பார்வைக் கண்ணாடியை நாம் கழற்றுவதே இல்லை. அதன் ஆயுளை இன்னொருவரின் சர்வர் முடிவு செய்வது எனக்கு உறுத்துகிறது.

எக்ஸ்ரியல் வகைக் கண்ணாடிகளைப் பற்றியும் நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். கம்பி வழியாகக் கைப்பேசியோடு இணைத்தால் கண்முன் பெரிய திரை விரியும். ரயிலின் மேல் படுக்கையில் மல்லாந்து படம் பார்க்கலாம். வாங்கியவர்கள் மகிழ்ச்சியாகவே இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் வாங்கியது ஒரு டிவி.

நாள் முழுக்கத் தேவை உள்ளவர்கள்

உலகில் ஏறத்தாழ 43 கோடிப் பேருக்குச் செவித்திறன் குறைபாட்டுக்கு உதவி தேவை என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் கணக்கிட்டது. காது கேளாத ஒருவர் குடும்பத்தோடு சாப்பிட உட்காரும்போது என்ன நடக்கிறது என்பதை அவர்களோடு வாழ்ந்தவர்கள் அறிவார்கள். நான்கு பேர் பேசுகிறார்கள், சிரிக்கிறார்கள். 'என்ன?' என்று கேட்டால் 'ஒண்ணுமில்ல, அப்புறம் சொல்றேன்' என்று பதில் வருகிறது. அந்த அப்புறம் வருவதில்லை. பேச்சை எழுத்தாக்கும் செயலி கைப்பேசியில் உண்டு. ஆனால் அதைப் பார்க்கக் குனிந்தால் பேசுகிறவரின் உதடும் முகமும் போய்விடும். முகத்துக்குக் கீழே நான்கு வரி எழுத்து ஓடினால் இரண்டும் கிடைக்கும்.

இங்கேதான் கண்ணாடியின் வடிவம் கைப்பேசியால் முடியாத ஒன்றைச் செய்கிறது. அதற்கு முப்பரிமாணப் பொருத்தம் வேண்டாம், வண்ணம் வேண்டாம், கேமராகூட வேண்டாம். ஈவன் ரியாலிட்டீஸ் நிறுவனம் 2024இல் கொண்டுவந்த ஜி1 கண்ணாடி அப்படிப்பட்டதுதான்: பச்சை நிறத்தில் சில வரி எழுத்து, மைக் உண்டு, கேமராவும் ஒலிபெருக்கியும் இல்லை, வெளியானபோது விலை 599 டாலர். கையில் வைத்துப் பார்த்தால் சாதாரணக் கண்ணாடிக்குப் பக்கத்தில் வருகிறது. மேடையில் உரையை வரிவரியாக ஓட்டிக்காட்டும் வசதியும் அதில் இருக்கிறது. குறிப்பில்லாமல் பேசுவதைப் பெருமையாகக் கருதும் நம் மேடைகளுக்கு அது எப்போது வந்து சேரும் என்று பார்க்க எனக்கு ஆசை.

தமிழுக்கு வரும்போது சிக்கல் கண்ணாடியைவிட்டு மொழிக்கு நகர்கிறது. வசனவரியின் தரம் பேச்சறியும் மென்பொருளின் தரமே. செய்தி வாசிப்பதுபோல் பேசினால் இன்றைய மென்பொருள் தமிழை நன்றாகவே எழுதுகிறது. சாப்பாட்டு மேசையில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. நெல்லைப் பேச்சு, கோவைப் பேச்சு, யாழ்ப்பாணப் பேச்சு, நடுநடுவே ஆங்கிலம், ஒருவர் முடிக்குமுன் இன்னொருவர், பின்னால் மிக்ஸி. ஆங்கிலத்தில் ஓடும் ஒரு செய்முறைக் காட்சியைப் பார்த்துவிட்டு, வயதான தாய்க்கு வாங்கிக் கொடுப்பவர் ஏமாறக்கூடும். கூகுள் 2025 மே மாதம் மேடையில் ஹிந்தியிலும் பாரசீகத்திலும் நடந்த உரையாடலைக் கண்ணாடி வழி மொழிபெயர்த்துக் காட்டியபோது, ஒத்திகை பார்த்த காட்சியே நடுவில் தடுமாறியது.

பார்வையற்றவர்களுக்குத் திரை வேண்டியதே இல்லை. கேமரா பார்க்கட்டும், குரல் சொல்லட்டும். இஸ்ரேலின் ஆர்கேம் நிறுவனம் கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டும் சிறு கருவியால் அச்செழுத்தை வாசித்துக் காட்டியது. நெதர்லாந்தில் இருந்து இயங்கும் என்விஷன் நிறுவனம் கூகுள் கிளாஸின் தொழில்முறைப் பதிப்பின் மேல் தன் மென்பொருளை அமைத்தது. தெருவில் தோற்றுப்போன கருவிக்கு அங்கே ஓர் அர்த்தம் கிடைத்தது. டென்மார்க்கில் தோன்றிய 'பி மை ஐஸ்' சேவை ரே-பான் மெட்டாவோடு இணைந்த பிறகு, பார்வையற்ற ஒருவர் தன் கண்ணாடி காண்பதைத் தொலைவிலுள்ள தன்னார்வலருக்குக் காட்டி, 'இது எந்த மருந்து?' என்று கேட்கலாம். கைப்பேசியை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாமல் தடுமாற வேண்டியதில்லை. ஒரு கையில் வெள்ளைக்கோல், மறு கை விடுதலை. ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு எதிரிலிருப்பவரின் முகபாவத்தைப் புரிந்துகொள்ள உதவும் கூகுள் கிளாஸ் மென்பொருள் ஒன்றை ஸ்டான்ஃபோர்டில் 71 குழந்தைகளிடம் சோதித்தார்கள். 2019இல் வெளியான அந்த ஆய்வு, பழகும் திறனில் முன்னேற்றம் கண்டதாகச் சொல்கிறது.

போயிங் தொழிலாளிக்கும் இவர்களுக்கும் ஒற்றுமை இருக்கிறது. ஒரே வகைத் தகவல், நாள் முழுக்க, வேறு வழியில் பெறக் கடினமாக. அன்றாடம் என்ற சொல்லை விளம்பரக்காரர்கள் எல்லோருடைய அன்றாடம் என்று படிக்கிறார்கள். கண்ணாடிக்குப் பொருந்துவது சிலருடைய அன்றாடம்.

எதிரே நிற்பவர்

எல்லோருக்கும் பயன்படக்கூடிய ஒரே வசதி என்று என்னால் யோசிக்க முடிந்தது ஒன்று உண்டு. கல்யாண மண்டபத்தில் எதிரே வந்து, 'என்னைத் தெரியுதா?' என்று சிரிக்கிறவரின் பெயரைக் காட்டுவது. அதைத்தான் செய்யக் கூடாது. கூகுள் 2013இலேயே கிளாஸில் முகமறியும் செயலிகளை அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. தடுப்பது நிறுவனத்தின் விருப்பம், இயலாமை அன்று. 2024இல் ஹார்வர்ட் மாணவர் இருவர், ரே-பான் மெட்டாவின் காணொளியை இணையத்தில் கிடைக்கும் முகத்தேடல் சேவையோடு இணைத்து, வழியில் கண்டவர்களின் பெயர், முகவரி வரை எடுத்துக் காட்டினார்கள். எச்சரிக்கைக்காகச் செய்தார்கள், மென்பொருளை வெளியிடவில்லை.

படம் எடுக்கும்போது எரியும் சிறு வெள்ளை விளக்குதான் எதிரே இருப்பவருக்கு உள்ள காப்பு. இத்தகைய விளக்கு போதுமா என்று அயர்லாந்து, இத்தாலி தரவுக் காப்பு அமைப்புகள் 2021இலேயே கேட்டன. வெயிலில் அது தெரியுமா, பார்த்தாலும் அதன் பொருள் தெருவில் போகிறவருக்குப் புரியுமா? இந்தியாவின் 2023ஆம் ஆண்டு எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தம் சொந்த அல்லது வீட்டுத் தேவைக்காகக் கையாளும் தரவைத் தன் வரம்புக்குள் கொண்டுவரவில்லை. கண்ணாடி நிறுவனத்தைச் சட்டம் கேள்வி கேட்கலாம். பேருந்தில் எதிர் இருக்கையில் அமர்ந்து உங்கள் மகளைப் பார்த்துக்கொண்டிருக்கும் பயணியின் கண்ணாடி பெரும்பாலும் அந்த விலக்குக்குள் ஒதுங்கிக்கொள்ளும்.

பார்வையற்றவருக்குக் கேமரா கண். அதைத் தடைசெய்யச் சொல்வது அவரைத் தண்டிப்பது. வெறும் படம் எடுக்க அணிந்திருப்பவரையும் அவரையும் எதிரே நிற்பவர் எப்படிப் பிரித்தறிவார்? இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. காது கேளாதவருக்கான கண்ணாடியில் கேமரா தேவையே இல்லை என்பதால், அந்த அளவுக்காவது இது தீர்க்கக்கூடியது.

வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: காதும் கண்ணும் சரியாக இருந்தால் இப்போதைக்கு அவசரமில்லை. கேட்கும் திறன் குறைந்த ஒருவருக்காக என்றால், முதலில் செவித்துணைக் கருவியைச் சரிபார்த்துவிட்டு, கண்ணாடியைக் கடையில் வைத்தே சோதியுங்கள். வீட்டில் பேசுகிற தமிழில், இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசிப் பாருங்கள். இணையத்தை அணைத்துவிட்டும் வரி ஓடுகிறதா என்று கவனியுங்கள். பார்வைக் குறைபாட்டு அளவையும் கேளுங்கள். மெட்டா டிஸ்ப்ளே −4இலிருந்து +4 வரைதான் ஏற்கிறது, அதற்கு மேல் பவர் உள்ளவர்கள் நம்மிடையே ஏராளம். மின்கலம் எத்தனை மணி நேரம் என்று பெட்டியில் போட்டிருப்பதை நம்பாமல், வசனவரி இடைவிடாமல் ஓடினால் எத்தனை மணி நேரம் என்று தனியாகக் கேளுங்கள். பெட்டியில் உள்ள எண் பெரும்பாலும் விட்டுவிட்டுப் பயன்படுத்துவதற்கானது, குடும்பத்தில் பேச்சு அப்படி விட்டுவிட்டு நடப்பதில்லை.